ஆகாய வாக்கு

நிலத்தில் வாழ்பவர்களுக்கு, இருக்கும் இடமும் நோக்கும் திசையும் செல்லும் வழியும் பெரும்பாலும் ஒன்றையொன்று பிரியாமல் கூடியே நிற்பதால், அவற்றைத் தனித்தனியே விசாரித்து நிர்ணயிக்க வேண்டிய அவசியம் நேர்வதில்லை. வீட்டு வாசலில் நின்று கிழக்கே பார்த்துக் கிழக்கே நடக்கிறவன், தான் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சமயத்தில் அறிந்துகொண்டிருப்பதாக ஒருநாளும் எண்ணமாட்டான். கடலிலோ அம்மூன்றும் பிரிந்துவிடுகின்றன. கப்பல் இருக்கும் ஸ்தானம் ஒன்று. அதன் முகப்பு நோக்கும் திசை மற்றொன்று. நீரோட்டமும் காற்றும் பக்கவாட்டில் தள்ள, அது உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் கதி வேறொன்று. வடக்கே முகம் வைத்து, வடக்கே போவதாகவே நம்பி, வடகிழக்கே போய்க்கொண்டிருக்கும் கப்பல்கள் எந்நாளும் உண்டு. மனித வாழ்க்கையும் இப்படித்தானே என்று வாசகர் உடனே சொல்லக்கூடும். அந்த எளிய உபமானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இம்மூன்றையும் அறிவதற்காக இக்காலத்தார் செய்துகொண்ட கருவி ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்பது என் விருப்பம். ஏனென்றால் நம் தத்துவ சாஸ்திரிகள் பல நூற்றாண்டுகள் விவாதித்த ஒரு கேள்வி, அக்கருவிக்குள் உயிரோடு இருக்கிறது.

சாட்டிலைட் காம்பஸ் என்று மாலுமிகள் சொல்லும் அக்கருவியில் காந்த ஊசியும் இல்லை, கைரோ காம்பஸில் உள்ளதுபோல் சுழலும் சக்கரமும் இல்லை. கப்பலின் மேல்தளத்தில் வானம் மறைக்கப்படாத இடத்தில் உறுதியான சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு அல்லது மூன்று ஆன்டெனாக்களை, ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி மயிரிழையும் மாறாதபடி அமைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒரே ஆன்டெனா உள்ள சாதாரண ஜி.பி.எஸ். ஏற்பி, கப்பல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். கப்பல் ஓடினால், சற்று முன் இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு, போகும் கதியையும் சொல்லும். ஆனால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் முகப்பு எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. புள்ளிக்கு இடம் உண்டே தவிர, முகம் இல்லை. இரண்டாவது ஆன்டெனா வந்தவுடன் நிலைமை மாறுகிறது. இரண்டு காதுகள் இருப்பதால்தான் கூப்பிடு குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நாம் அறிவதுபோல, ஒரே செயற்கைக்கோளின் அலை ஓர் ஆன்டெனாவை அடைவதற்கும் மற்றொன்றை அடைவதற்கும் உள்ள மிக நுண்ணிய வேற்றுமையைக் கொண்டு, அந்தச் சட்டம் எத்திசையில் கிடக்கிறது என்பதை அது கணித்துவிடுகிறது. ஆன்டெனாக்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் இருக்குமானால், அரைப் பாகைத் திருப்பம் என்பது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வேற்றுமை. இருபதினாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் அலையில் அந்த 5 மில்லிமீட்டரைக் காண வேண்டும்.

காண்பது எவ்வாறு என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். ஆன்டெனாவை வந்தடையும் கணத்தில் அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கருவி மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்துவிடும். ஆனால் அதற்கு முன் எத்தனை முழு அலைகள் கழிந்தன என்பது மட்டும் அளவில் அகப்படாது. பின்னம் நிச்சயமாகத் தெரிகிறது, முழு எண் தெரியவில்லை. இந்த முழு எண்ணை நிர்ணயிப்பதற்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பேராசிரியர் பீட்டர் தியூனிசன் 1993-இல் வகுத்த முறை பெரும்புகழ் பெற்றது. சாட்டிலைட் காம்பஸுக்கு இதில் வேறோர் உதவியும் கிடைக்கிறது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையேயுள்ள தூரம் முன்பே தெரிந்தது, மாறாதது. ஆதலால், எந்த முழு எண்ணைக் கொண்டால் அந்தத் தூரம் பொய்த்துப்போகிறதோ அந்த எண் தள்ளப்படும். வானத்திலிருந்து வரும் செய்தியின் பல அர்த்தங்களுள் எது மெய்யானது என்பதைத் தேர்ந்தெடுக்க உதவுவது, கப்பலிலேயே உள்ள ஒரு சிறு சட்டத்தின் நிலைபெற்ற நீளம். நுட்பமான அந்தக் கணிதத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் இதுவே.

இனிச் செயற்கைக்கோள்கள் சொல்வது என்ன என்று பார்க்க வேண்டும். அமெரிக்கர் 1978 முதல் ஏவிவரும் அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் பூமியை ஒருமுறை சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் முந்தியும், வேகமாக ஓடுவதால் சற்றுப் பிந்தியும், ஐன்ஸ்டைனின் சித்தாந்தப்படி அக்கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட மொத்தத்தில் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்திவிடும். அதைத் திருத்தாது விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும் என்பதால், ஏவுவதற்கு முன்பே அவற்றின் கதியைக் குறைத்து வைக்கிறார்கள். இத்தனை ஏற்பாடுகளோடு செயற்கைக்கோள் ஒலிபரப்பும் செய்தியில் கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது முக்கியமாகக் கூறுவது தன்னைப் பற்றியதே: இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இவ்வளவு பிசகு உண்டு, நான் நம்பத்தக்க நிலையில் இருக்கிறேன் அல்லது இல்லை. கப்பல் ஒன்று கடலில் இருப்பதே அதற்குத் தெரியாது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தங்களைப் பற்றிக் கூறும் இவ்வாக்கியங்களைக் கேட்டு, தன் ஸ்தானத்தைத் தானே முடிவு செய்துகொள்வது கப்பலின் பொறுப்பு.

ஆகவே, கருவியின் முகத்தில் தோன்றும் எண்களைப் பார்த்து, முகப்பு இத்தனை பாகை, இடம் இன்ன இடம் என்று ஒரு மாலுமி அறியும்போது, அந்த அறிவு எந்தப் பிரமாணத்தால், அதாவது அறிவின் எந்த வாயிலால், உண்டாகிறது? கண்ணால் எண்ணைக் காண்பது பிரத்யட்சம். ஆனால் காணப்படுவது எண்ணே அன்றி இடம் அன்று. செயற்கைக்கோள்களின் தூரங்களிலிருந்து கருவி இடத்தை வருவிப்பது அநுமானம். அந்த அநுமானத்துக்கு ஆதாரமாக நிற்பதோ, கண்ணுக்கு எட்டாத சாட்சிகள் தங்களைப் பற்றிச் சொல்லிய வாக்கு, அது சப்தம். ஆக, மூன்று பிரமாணங்களும் அடுக்கடுக்காக அங்கே வேலை செய்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சப்தமே என்பது, நவீன விஞ்ஞானக் கருவி என்றால் எல்லாம் பிரத்யட்சம் என்று நினைத்திருப்பவர்களுக்குச் சற்றுத் திகைப்பாக இருக்கும்.

பிரமாணங்கள் எத்தனை என்பதில் நம் முன்னோர்கள் உடன்பட்டதே இல்லை. லோகாயதன் பிரத்யட்சம் ஒன்றையே ஏற்றான். அவனும் கரை மறையும் வரையில் நல்ல மாலுமியாகவே இருந்திருப்பான். பௌத்தர் பிரத்யட்சம், அநுமானம் என்ற இரண்டோடு நின்றனர். மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிப்பதும் இவ்விரண்டு அளவைகளையே. நையாயிகர் நான்கு கொண்டனர். சைவ சித்தாந்தத்தின் பெருநூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், பிறர் பத்து வரைக்கும் விரித்துக் கூறிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றிலே அடக்கினார். உரை என்ற சப்தத்தைத் தனி அளவையாக வைக்கலாமா, அன்றி அதுவும் ஒருவகை அநுமானமே என்று தள்ளலாமா என்ற வழக்கு, சமயவாதிகளுக்கு இடையே உண்டான வெறும் பூசல் அன்று. பிறர் சொல்லை நம்புகிறவன், சொல்பவனுடைய தகுதியை முன்பே ஆராய்ந்து அதிலிருந்து உண்மையை வருவித்துக்கொள்கிறானா, அல்லது காண்பதுபோலவே கேட்பதும் அறிவுக்கு நேரான ஒரு வாயிலா என்பதே அதன் சாரம்.

நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், நம்பத்தக்க சாட்சியான ஆப்தன் என்பவன் யார் என்ற கேள்விக்குக் கூறிய விடை, அக்காலத்தை நோக்க மிகவும் தாராளமானது. விஷயத்தை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே கூற விரும்பி அவ்வாறு கூறுகிறவன். அவன் ரிஷியாயினும் ஆரியனாயினும் மிலேச்சனாயினும் ஆப்தனே என்பது அவருடைய கருத்து. இலக்கணத்தில் குலமும் இல்லை, மதமும் இல்லை. இதன்படி பார்த்தால், தன் இடத்தையும் காலத்தையும் அறிந்து, அறிந்தபடியே ஓயாமல் கூறிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளை ஆப்தர் வரிசையில் சேர்ப்பதற்குப் பெரிய தடை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூற வேண்டும் என்ற விருப்பம் ஜடத்துக்கு ஏது என்று ஒருவர் கேட்கலாம். அவ்விருப்பம் அதைச் செய்து அனுப்பியவர்களிடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அமெரிக்க அரசாங்கம், பொதுமக்கள் கேட்கும் ஒலிபரப்பில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அறிந்ததை அறிந்தபடி கூறும் விருப்பம் அன்றுவரை முழுமையாக இல்லை என்றே கொள்ள வேண்டும்.

சாட்சியின் தகுதி இது. கேட்பவனுக்கு எழும் சங்கடம் வேறு. வந்த அறிவு மெய்யென்று அவன் எவ்வாறு அறிவான்? இங்கே மீமாம்சகரும் நையாயிகரும் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். அறிவு தோன்றும்போதே மெய்ம்மையாகிய தன் பிராமாண்யத்தோடு தோன்றுகிறது, அதற்கு வேறொரு சான்று வேண்டுவதில்லை, பின்னால் அதை மறுக்கும் பாதகம் வந்தால் மட்டும் அதைத் தள்ள வேண்டும் என்பது குமாரிலருடைய மரபு. அப்படியன்று, நீர் என்று அறிந்தவன் அருகே போய் அள்ளிக் குடித்துத் தாகம் தீர்ந்த பின்னரே தன் அறிவு மெய்யென்று அறிகிறான், ஆகவே பிராமாண்யம் வெளியிலிருந்து வருவது என்பது நையாயிகர் கட்சி. ஒவ்வோர் அறிவுக்கும் மற்றோர் அறிவு சான்றாக வேண்டுமானால், அந்தச் சான்றுக்கு எது சான்று என்று முடிவில்லாமல் போகுமே, அநவஸ்தை என்ற தோஷம் வருமே என்று மீமாம்சகர் மடக்குவர். பள்ளிப் பருவத்தில் இவ்விவாதத்தைப் படிப்பவர்களுக்கு மீமாம்சகர் எதையும் நம்புகிற அப்பாவிகளாகவும், நையாயிகர் ஜாக்கிரதைக்காரர்களாகவும் தோன்றுவது வழக்கம். கடலில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து யோசிக்கும்போது அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

1995-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி நண்பகலில், பெர்முடாத் தீவின் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்திலிருந்து ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் 1,509 பேருடன் பாஸ்டனுக்குப் புறப்பட்டது. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பி கழன்றுவிட்டது. ஏற்பி ஒரு விநாடி கீச்சிட்டது. பிறகு, வானத்திலிருந்து வாக்கு நின்றுபோன நிலையில், கைரோ காட்டிய திசையையும் வேகமானி காட்டிய வேகத்தையும் வைத்து, கப்பல் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று தானே உத்தேசக் கணக்குப் போட்டுக்கொண்டு, அதே திரையில், அதே எண்களின் தோற்றத்தில், இடத்தைக் காட்டத் தொடங்கியது. உத்தேசம் என்பதைக் குறிக்கும் இரண்டு சிற்றெழுத்துகள் திரையின் ஓரத்தில் தோன்றின. முப்பத்து நான்கு மணி நேரம் அவை அங்கேயே இருந்தன. காவல் மாறி மாறி வந்த அதிகாரிகள் ஒருவரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. கைரோ பொய் சொல்லவில்லை. கப்பலின் முகம் சரியான திசையிலேயே இருந்தது. காற்றும் நீரோட்டமும் மட்டும் அதை நாழிகைக்கு நாழிகை மேற்கே ஒதுக்கிக்கொண்டிருந்தன. அந்த ஒதுக்கம் உத்தேசக் கணக்குக்குத் தெரிய வழியில்லை.

தானியங்கிச் சுக்கானுக்கு ஒரு பரிசோதனை ஏற்பாடு இருந்தது. தானே போட்ட உத்தேசக் கணக்கையும் ஜி.பி.எஸ். கூறும் இடத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டு, வேற்றுமை மிகுந்தால் எச்சரிக்க வேண்டும். அது தவறாமல் ஒப்பிட்டது; வேற்றுமை இல்லை என்றே கண்டது. ஜி.பி.எஸ். என்ற பெயரில் அதற்கு வந்துகொண்டிருந்ததும் அதே கைரோவையும் அதே வேகமானியையும் கொண்டு போட்ட உத்தேசக் கணக்கே ஆகையால், இரண்டும் எவ்வாறு வேறுபடும்? ஓர் ஊகம் தன்னோடு தானே ஒத்துப்போவதைக் கண்டு திருப்தியடைந்த அந்த முப்பத்து நான்கு மணி நேரத்தை நினைக்கும்போது, சாஸ்திர விவாதங்களில் நான் படித்த எந்தத் திருஷ்டாந்தமும் எனக்கு அவ்வளவு அச்சம் தந்ததில்லை. நையாயிகர் கேட்கும் வெளிச் சான்று அங்கே இருந்தது. வெளியிலிருந்து வராத வெளிச் சான்றாக இருந்தது.

மறுநாள் மாலை, கப்பல் பாதையின் நுழைவாயிலில் உள்ள மிதவை எதிர்ப்பட வேண்டிய நேரத்தில், எதிர்ப்பட வேண்டிய திக்கில், ரேடாரில் ஒரு பொருள் தெரிந்தது. தலைமை அதிகாரி அதுவே தம் மிதவை என்று துணிந்தார். சூரிய ஒளியின் கூச்சத்தால் கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலவில்லை. உண்மையில் அது, மூழ்கிய கப்பல் ஒன்றைக் குறிக்க வெகுதூரம் மேற்கே இட்டிருந்த வேறொரு மிதவை. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகையென்று கொண்டு நெருப்பை அநுமானிப்பதை மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ரேடார் திரையிலும் அதுதான் நடந்தது. அடுத்த மிதவை தென்படவேயில்லை. அப்போது காவலில் இருந்த அதிகாரி, ஜி.பி.எஸ். பாதை சரியென்று காட்டுவதால், தென்பட்டதாகவே கப்டனுக்குத் தெரிவித்தார். கண்காணிப்பில் நின்ற மாலுமிகள் மஞ்சள் விளக்கொன்றையும், பிறகு உயரத்தில் பல சிவப்பு விளக்குகளையும் கண்டு சொன்னார்கள். அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்களே ஒழிய, ஒன்றும் செய்யவில்லை. இறுதியில் முன்னே நீலமும் வெள்ளையுமாக நீர் புரள்வதைச் சொன்னார்கள். இரவு பத்தரை மணி அளவில் கப்பல் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறி நின்றது. பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. லோரான் என்ற வேறொரு கருவி, கப்பலின் உண்மையான இடத்தைத் தளத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. ஆழம் குறைந்தால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையை 0 மீட்டரில் வைத்திருந்தார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மீமாம்சகன் ஒருவன் அந்தத் தளத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பான்? கம்பி கழன்றதை அவனும் அறிந்திருக்க மாட்டான். திரையை நம்பியே இருப்பான். ஆனால் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன என்ற செய்தி வந்த கணத்தில், பாதகம் வந்துவிட்டது என்று அவனுடைய சாஸ்திரம் அவனை எழுப்பியிருக்கும். பாதகம் வராத வரையில் நம்பு என்ற விதி, பாதகம் வருகிறதா என்று ஓயாமல் பார்த்திருக்க வேண்டிய கடமையைத் தன்னுள்ளே கொண்டது. அந்தப் பாதிப் பொருளை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவனை மீமாம்சகன் என்று சொல்ல முடியாது. அவனைப் பக்தன் என்றும் நான் சொல்லமாட்டேன்.

சமய விஷயத்தில் இச்சம்பவம் எனக்கு உணர்த்துவது, வேதமும் ஆகமமும் மெய்யா பொய்யா என்ற பழைய வழக்கைப் பற்றியது அன்று. உரையளவை இல்லாமல் மனிதன் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. தன் தாய் தந்தையர் யாவர் என்பதையே அவன் பிறர் சொல்லித்தான் அறிகிறான். பயப்பட வேண்டிய இடம், கம்பி கழன்ற பின்னர் வரும் காலம். இளமையில் ஒருவன் உண்மையாகவே ஒரு பெரியவரிடம் உபதேசம் பெற்றிருக்கலாம். ஒரு திருமுறைப் பாடலின் முன் உண்மையாகவே அவன் உள்ளம் நெகிழ்ந்திருக்கலாம். பிறகு என்றோ ஒருநாள், ஒரு விநாடிக் கீச்சொலிக்கு மேல் ஆரவாரம் ஒன்றுமின்றி, அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. அவன் பேச்சு நிற்பதில்லை. அதே குரலில், அதே சொற்களில், அதே அதிகாரத்தோடு, தன் பழக்கத்தையும் விருப்பு வெறுப்புகளையும் குலத்தின் கௌரவத்தையும் வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கைச் சாஸ்திரம் என்று சொல்லிக்கொண்டே போகிறான். உத்தேசக் கணக்குப் போடுவது பாவம் அன்று. செயற்கைக்கோள் வருவதற்கு முன் எத்தனையோ தலைமுறை மாலுமிகள் அதைக் கொண்டே சமுத்திரங்களைக் கடந்தார்கள், அவர்கள் அதை உத்தேசம் என்று அறிந்தே வரைபடத்தில் குறித்தார்கள். சாட்டிலைட் காம்பஸும், பாலத்தின் அடியில் செல்லும்போதோ, வேறு தடையாலோ வானம் மறைந்தால், தன்னுள்ளே இருக்கும் சிறு சுழற்சியுணரிகளின் நினைவைக் கொண்டு சில நிமிடங்கள் திசையை விடாமல் சொல்லும். பிறகு தெரியவில்லை என்று நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தம்தான் பிரசங்கிகளிடம் அரிதாக இருக்கிறது.

சுருதி, யுக்தி, அநுபவம் என்ற மூன்றும் ஒத்துவர வேண்டும் என்று வேதாந்திகள் ஒரு பரிசோதனை வைத்தார்கள். நல்ல பரிசோதனைதான். ஆயினும், தானியங்கிச் சுக்கானின் கதையை அறிந்த பிறகு, அநுபவம் என்று நாம் ஒப்பிடுவது சுருதியிலிருந்து பிரிந்த தனிச் சாட்சிதானா என்று கேளாமல் இருக்க முடியவில்லை. கண்ணனைப் பாடிக்கொண்டே வளர்ந்தவருக்குத் தியானத்தில் கண்ணனே தோன்றுகிறான். கன்னி மரியாளை வேண்டி வளர்ந்தவருக்கு அவளே தோன்றுகிறாள். தோற்றம் பொய் என்பது என் வாதம் அன்று. கேட்டதும் கண்டதும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருந்தால், அவை ஒத்துப்போவதில் வியப்பும் இல்லை, சான்றும் இல்லை என்பதே. கேட்டதற்கு மாறாக நேர்ந்த அநுபவம், கேட்டதை ஒத்த நூறு அநுபவங்களைவிட அதிகம் விசாரிக்கத் தக்கது. சங்கரரே தம் கீதா பாஷ்யத்தில், பிரத்யட்சத்துக்கு நேர் விரோதமானதைக் கூறுமிடத்தில் சுருதியும் பிரமாணமாகாது என்று தயக்கமின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட பாதகம் பெரும்பாலும் தாழ்ந்த படியில் நிற்பவர் வாயிலிருந்தே வருகிறது; சிவப்பு விளக்கைக் கண்டவர்கள் அதிகாரிகள் அல்லர். காசியில் வழிவிட்டு விலகச் சொன்ன சங்கரரை, எதை விலகச் சொல்கிறீர், உடலையா ஆத்மாவையா என்று மடக்கியவன் சண்டாளன் என்று மரபு கூறுகிறது. சங்கரர் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்.

பொய்ச் சாட்சிகளும் உண்டு. ஆகாயத்திலிருந்து வருவதுபோன்ற அலைகளைத் தரையிலிருந்தே உண்டாக்கிக் கப்பலை ஏமாற்ற முடியும் என்பதை, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து டாட் ஹம்ஃப்ரீஸும் அவர் மாணவர்களும் 2013-இல் மத்தியதரைக் கடலில் ஓர் உல்லாசப் படகில், உடையவர் சம்மதத்தோடு செய்து காட்டினார்கள். எச்சரிக்கை மணி ஒன்றும் அடிக்கவில்லை, இல்லாத விலகலைத் திருத்துவதாக எண்ணிச் சுக்கானைத் திருப்பியவர்கள் உண்மையான பாதையை விட்டு விலகினார்கள். 2017 ஜூன் மாதம் கருங்கடலில் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை நிலத்தில், கெலென்ஜிக் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. இவ்வகை ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளுள் ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. உண்மையான செயற்கைக்கோள்கள் வானத்தில் பல திக்குகளில் பரவிக் கிடப்பவை. ஏமாற்றுக் கருவியோ எல்லாருடைய குரலையும் ஒரே இடத்திலிருந்து தானே பேசுகிறது. ஓர் ஆன்டெனாவுக்கு இந்த வேற்றுமை தெரியாது. இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், எல்லா அலைகளும் ஒரே திக்கிலிருந்து வருவது வெளிப்பட்டுவிடும். மடத்திலும் சபையிலும் பத்துப் பேர் ஒரே உண்மையைச் சொல்லும்போது, அவர்கள் பத்து இடங்களில் நின்று கண்டவர்களா, ஒருவர் வாயைப் பார்த்துப் பேசுபவர்களா என்று கேட்பது நாஸ்திகம் ஆகாது.

இத்தனை நுட்பங்கள் வந்த பின்னும், மின்சாரத்தின் உதவியின்றித் தானே இயங்கும் காந்தத் திசைகாட்டி போன்ற ஒன்று கப்பலில் இருந்தே தீர வேண்டும் என்று சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை விதித்திருக்கிறது. சாட்டிலைட் காம்பஸோடு ஒப்பிட்டால் காந்த ஊசி பரிதாபமானது. அது காட்டும் வடக்கு உண்மையான வடக்கு அன்று, பூமியின் காந்த துருவம் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருப்பது. போதாததற்குக் கப்பலின் இரும்பே அதைப் பக்கத்துக்கு இழுக்கிறது. அந்த இழுப்பை, துணைக் காந்தங்களாலும் இரும்புக் குண்டுகளாலும் இயன்றவரை தணித்த பின்னர், திசைகாட்டியைச் சரிசெய்பவர் கப்பலை வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று ஒவ்வொரு முகமாகத் திருப்பச் செய்து, ஒவ்வொன்றிலும் ஊசி இன்னும் எத்தனை பாகை பிசகுகிறது என்பதைக் கண்டு, ஓர் அட்டையில் எழுதி வைக்கிறார். விலகல் அட்டை என்று அதற்குப் பெயர். கைரோவும் ஜி.பி.எஸ்ஸும் கைவிட்ட இரவில் சுக்கான் பிடிப்பவனுக்கு அதுவே கதி. நம் சாஸ்திரிகளும் அட்டைகள் எழுதியிருக்கிறார்கள். சித்தியாரின் பரபக்கம் முழுவதும் லோகாயதர் முதலான பிற சமயத்தாருடைய பிசகுகளை முறையாக எடுத்துக் காட்டும் பெரிய அட்டை. தன் ஊசி எந்த முகத்தில் எவ்வளவு பிசகும் என்று எழுதியவர்களைத் தேடினால், தர்க்கிகளிடம் அல்ல, சமண சமயத்தில் கழித்த ஆண்டுகளை நினைந்து நினைந்து நொந்து பாடிய அப்பரைப் போன்றவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அதையும் ஒருமுறை எழுதிவிட்டு ஓய முடிவதில்லை. இரும்பு மாறினால் இழுப்பும் மாறும் ஆகையால், பெரிய அளவில் பழுதுபார்த்து முடித்துக் கப்பல் மறுபடி கடலுக்குப் புறப்படும்போதெல்லாம், அந்த மனிதரை வரவழைத்துக் கப்பலைச் சுற்றவைத்துப் புதிய அட்டை எழுதி வாங்குகிறார்கள்.